ஓய்ந்த சூலகமும் உறைந்த கருவும்

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சூலகங்களில் ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் நுண்பைகள் இருக்கின்றன. பூப்பெய்தும் பருவத்தில் அவை மூன்று, நான்கு லட்சமாகக் குறைகின்றன. அவற்றுள் முதிர்ந்து முட்டையை வெளியிடுபவை சில நூறு மட்டுமே. ஏனையவை தாமே சிதைந்து மறைகின்றன. இருப்பு ஆயிரம் அளவுக்குச் சுருங்கும் காலத்தில் மாதவிடாய் நிற்கிறது. நுண்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் இன்ஹிபினும் பிட்யூட்டரியைக் கட்டுக்குள் வைத்திருப்பவை. அவை குறையவே கட்டுத் தளர்ந்து, நுண்பைகளைத் தூண்டும் கொனடோட்ரோபின்கள் பெருகிச் சிறுநீரில் கழிகின்றன.

இவ்வுண்மையே ஒரு மருந்தின் தோற்றுவாய். இத்தாலியின் செரோனோ நிறுவனத்தில் பியெரோ டொனினி, மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து இந்த ஹார்மோன்களைப் பிரித்தெடுத்தார். புரூனோ லுனென்ஃபெல்டின் முயற்சியால் முதிய கன்னியாஸ்திரீகளின் மடங்களிலிருந்து சிறுநீர் திரட்டப்பட்டது. இம்மருந்தால் கருவுற்ற பெண்ணுக்கு 1962-இல் இஸ்ரேலில் குழந்தை பிறந்தது. ஓய்ந்த சூலகங்களின் பயனாய் இளைய சூலகங்கள் விழித்தன.

எனினும் ஓர் இடர் எஞ்சியது. தூண்டப்பட்ட சுழற்சியில் முட்டைகள் பல கிடைத்தாலும், ஹார்மோன் சமநிலை குலைந்து கருப்பையின் ஏற்புத்திறன் பாதிக்கப்பட்டது. அதனால் எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் தூண்டலைக் கைவிட்டு, இயற்கைச் சுழற்சியில் முதிரும் ஒரே முட்டையைக் கொண்டே முயன்றனர். 1978 ஜூலை 25 அன்று லூயிஸ் பிரவுன் பிறந்தது அவ்வாறுதான்.

கொல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜி வேறு வழியை நாடினார். எடின்பரோவில் இனப்பெருக்க ஹார்மோனியலில் பயின்றவர் அவர். தூண்டலால் பல முட்டைகளைப் பெற்று, உருவான கருவை உறைய வைத்துக் காத்திருந்து, பிந்தைய இயற்கைச் சுழற்சி ஒன்றில் கருப்பையில் இட்டார். சுனித் முகர்ஜியும் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும் அவருடன் பணியாற்றினர். 1978 அக்டோபர் 3 அன்று 'துர்கா' பிறந்தாள்.

மாநில அரசு அமைத்த குழு அவருடைய கூற்றை ஏற்கவில்லை. ஜப்பானில் ஆய்வை எடுத்துரைக்கச் செல்லவும் அனுமதி மறுக்கப்பட்டது. 1981-இல் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்ட அவர், அவ்வாண்டு ஜூன் 19 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். உறைகருவிலிருந்து பிறந்த முதற்குழந்தையாக உலகம் ஏற்றுக்கொண்டது, 1984-இல் மெல்போர்னில் பிறந்த ஸோயியை.

1986-இல் மும்பையில் பிறந்த ஹர்ஷாவே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை எனப்பட்டாள். அச்சாதனைக்கு உரியவர்களுள் ஒருவரான ஆனந்த குமார், முகர்ஜியின் குறிப்பேடுகளை ஆராய்ந்து, முதன்மை முகர்ஜிக்கே உரியது என 1997-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். தமக்கு வாய்த்த பெருமையைத் தாமே பிறர்க்கு மீட்டளித்த அச்செயல் அறிவியல் அறத்துக்குச் சான்று. கருவை உறைய வைத்துப் பின்னொரு சுழற்சியில் இடுவது இன்று வழக்கமான மருத்துவ முறை. குழு நம்ப மறுத்ததும் அதையே.