கோனன் யாருடைய ஆள்?

1982இல் வந்த ‘கோனன் த பார்பேரியன்’ படத்தில் அர்னால்ட் பேசுவது ரொம்பக் கம்மி. சிறுவயதில் அடிமையாக்கப்பட்டு, ஒரு ராட்சதச் சக்கரத்தை வருஷக்கணக்கில் தள்ளித்தான் அந்த உடம்பு வந்தது என்று படம் சொல்லும். கோனன் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது அந்த உடம்புதான்.

கதைகளைப் படிக்கப் போனால் ஆள் வேறு. ராபர்ட் ஈ. ஹோவர்ட் எழுதிய கோனன் அடிமையாக வளர்ந்தவன் இல்லை. பல மொழிகள் தெரிந்தவன். கப்பலில் காதலி பெலீட்டுடன் உட்கார்ந்து, கடவுள்கள் இருக்கிறார்களா, செத்த பிறகு என்ன ஆகிறோம் என்றெல்லாம் பேசுகிறவன். அந்தப் பெலீட் செத்த பிறகும் வந்து அவனைக் காப்பாற்றுவாள். படத்தில் அந்த வேலையைச் செய்வது வலேரியா. வலேரியா வேறொரு கதையின் பெண். வில்லன் துல்சா டூமோ கோனனின் எதிரியே கிடையாது. ஹோவர்டின் இன்னொரு நாயகனான குல் என்ற அரசனின் எதிரி அவன்.

இந்தக் குல்லிடமிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

ஹோவர்ட் டெக்சாஸில் கிராஸ் ப்ளெயின்ஸ் என்ற சின்ன ஊரில் வாழ்ந்தவர். அப்பா டாக்டர், அம்மா காசநோயாளி. மலிவான காகிதத்தில் அச்சாகும் ‘பல்ப்’ இதழ்களுக்குக் கதை எழுதுவதுதான் பிழைப்பு. ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் முதல் கதை வந்தபோது வயது 19. குல்லை நாயகனாக வைத்து அவர் எழுதிய ஒரு கதையை இதழ்கள் திருப்பி அனுப்பின. அதில் மாயமந்திரம் இல்லை. ஒரு அடிமைப் பெண்ணின் காதல், அதைத் தடுக்கும் பழைய சட்டம், கடைசியில் சட்டம் பொறித்த கல்பலகையைக் கோடாரியால் உடைத்து ‘இனி நானே சட்டம்’ என்று நிற்கும் அரசன்.

ஹோவர்ட் அதைத் தூக்கிப் போடவில்லை. காதலை எடுத்தார், பலகையை எடுத்தார். ஒரு மந்திரவாதியையும் பூதத்தையும் உள்ளே கொண்டுவந்தார். குல் இருந்த இடத்தில் கோனன் வந்தான். 1932 டிசம்பரில் வெளியான முதல் கோனன் கதை இதுதான். எங்கள் தொழிலில் இரண்டு வேலை உண்டு. பெயரை மட்டும் தேடி மாற்றுவது ஃபைண்ட்-ரிப்ளேஸ். உள்ளே இறங்கிப் பிரித்துக் கட்டுவது ரீஃபேக்டரிங். ஹோவர்ட் செய்தது இரண்டாவது. ஒன்றை மட்டும் அவர் விட்டுவைத்தார்: தன்னைக் கொல்ல வரும் கவிஞனைக் கொல்ல மனசில்லாமல் தயங்கும் அரசன். குல்லும் தயங்குவான், கோனனும் தயங்குவான். எனக்கு இந்த இடம்தான் ஹோவர்ட்.

அவரைப் புனிதராக்க வேண்டாம். சில கதைகளில் கறுப்பினத்தவரை எழுதியிருக்கும் விதம் இன்று படிக்கக் கூசும், அது அவருடைய ஊரும் காலமும் என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு இஷ்டமில்லை. இந்தியாவும் வருகிறது, ‘வெந்தியா’ என்ற பெயரில். அங்கே ஒரு ராணி, பட்டம் ‘தேவி’.

1935 மே மாதம் ஹோவர்ட் வியர்ட் டேல்ஸ் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். அச்சான கதைகளுக்கே 800 டாலருக்கு மேல் பாக்கி. அம்மாவின் வைத்தியச் செலவு கழுத்தை நெரிக்கிறது. கிட்டத்தட்டக் கெஞ்சுகிறார். 1936 ஜூன் 11 காலை, அம்மா இனி கண் விழிக்கமாட்டார் என்று தெரிந்ததும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 30. அம்மா மறுநாள் போனார். இதழ் வைத்த பாக்கி அப்போதும் தீரவில்லை.

அதற்குப் பிறகு கோனன் நன்றாகவே சம்பாதித்தான், மற்றவர்களுக்கு. 1950களில் ஸ்ப்ரேக் டி கேம்ப், ஹோவர்ட் விட்டுப்போன வேறு கதைகளை எடுத்து நாயகன் பெயரைக் கோனன் என்று மாற்றினார். எகிப்தில் நடக்கும் சரித்திரக் கதைகூட இப்படிக் கோனன் கதையானது. அசல் ஃபைண்ட்-ரிப்ளேஸ். ஆனால் 1966 முதல் ஃப்ராங்க் ஃப்ரஸெட்டாவின் அட்டைப்படங்களோடு கோனனைப் பரவலாகக் கொண்டுசேர்த்த பாக்கெட் புத்தகங்களின் பின்னால் இருந்தவரும் இதே டி கேம்ப்தான். திட்டவும் முடியவில்லை. 1970இல் மார்வெலில் காமிக்ஸைத் தொடங்கிய ராய் தாமஸ்மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை. மூலக் கதைகளைத் தழுவும்போது ஹோவர்டின் வாக்கியங்களுக்குப் படங்களுக்கு நடுவே இடம் கொடுத்தவர். ஆனால் அவரும் 1529 வியன்னா முற்றுகையைப் பற்றிய ஒரு கதையிலிருந்து சோன்யாவைக் கிளப்பிக் கோனன் உலகத்தில் இறக்கிவிட்டார். ரெட் சோன்யா அப்படி வந்தவள்.

மூன்றாவது கோனன் படத்துக்காக ஹோவர்டின் ஒரே கோனன் நாவலை வைத்து எழுதிய திரைக்கதைக்கு அர்னால்ட் கிடைக்கவில்லை. எனவே நாயகன் பெயரை மாற்றினார்கள். 1997இல் அது ‘குல் த காங்கரர்’ என்று வெளியானது. 1932இல் குல் கோனனானான். 65 வருஷம் கழித்துக் கோனன் குல்லானான். படத்தின் முடிவில் குல் கோடாரியைத் தூக்கிச் சட்டப் பலகையை உடைக்கிறான். ஹோவர்ட் வெட்டி எறிந்த அதே காட்சி. அவர் அதை எழுதி 68 வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கதை அச்சானதே 1967இல்தான், அவர் பார்க்கவில்லை. படமும் ஓடவில்லை.