உளவியல் படிக்கணுமா? பட்டத்துக்கு அப்புறம் என்ன என்பதை முதலில் பாருங்க

எஸ்.பி.எம், எஸ்.டி.பி.எம் முடிவுகள் வந்ததும் யான், குவார் செம்பெடாக், பீடோங் பக்கத்துத் தமிழ் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "அடுத்து என்ன படிக்கப் போற?" மருத்துவம், கணக்கியல், பொறியியல் என்ற வழக்கமான பதில்களோடு இப்போது உளவியலும் சேர்ந்திருக்கிறது.

நல்ல தேர்வுதான். ஆனால் பாரத்தை நிரப்புவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மலேசியாவில் உளவியல் இளங்கலைப் பட்டம் மட்டும் இருந்தால் நீங்கள் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. பதிவு பெற்ற ஆலோசகராகவும் ஆகிவிட முடியாது. இதைக் கடைசி ஆண்டில் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

உளவியலில் என்னதான் படிப்பாங்க?

அடுத்தவர் மனசைப் படிக்கும் வித்தை இல்லை இது. நினைவாற்றல், கற்றல், குழந்தை வளர்ச்சி, ஆளுமை, குழுவில் மனிதர் நடந்துகொள்ளும் விதம், மனநோய்கள் ஆகியவை முக்கியப் பாடங்கள். கூடவே புள்ளியியலும் ஆய்வு முறையும் கட்டாயம். "கணக்கு வேண்டாம்னுதான் இதை எடுத்தேன்" என்று வருபவர்கள் திணறும் இடம் இதுதான்.

புள்ளியியல் எதற்கு? குறைவாகத் தூங்கும் மாணவர்கள் குறைந்த மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காரணம் தூக்கமா? அல்லது அவர்கள் இரவில் பகுதிநேர வேலைக்குப் போவதால் தூக்கம், படிப்பு இரண்டுமே கெடுகிறதா? இரண்டும் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. அதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் படிப்பின் முதுகெலும்பு.

மூளை அறிவியல் வேற படிப்பா?

இரண்டும் நெருங்கிய சொந்தம். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதிலிருந்து வலி, நினைவு, பயம் எல்லாம் எப்படி உருவாகின்றன என்று கேட்பது நரம்பியல் அறிவியல்.

தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரனின் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். கையை இழந்த சிலருக்கு, இல்லாத அந்தக் கையிலேயே வலி இருக்கும். 1990-களில் அவர் ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி வைத்தார். இருக்கும் கையை அசைத்தால், இல்லாத கையும் அசைவதுபோல் மூளைக்குத் தோன்றும். சிலருக்கு வலி குறைந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. கேள்வி சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

நம் நாட்டில் இந்தப் பக்கம் ஆர்வம் உள்ளவர்களுக்கு, சரவாக்கில் உள்ள யுனிமாஸ் அறிவாற்றல் அறிவியலில் இளங்கலைப் படிப்பு நடத்துகிறது. கிளந்தான் குபாங் கிரியானில் உள்ள யு.எஸ்.எம் மருத்துவ வளாகத்தில் நரம்பியல் அறிவியல் துறை இருக்கிறது. உளவியல் என்றால் யு.கே.எம்-தான் முன்னோடி, அங்கே 1979-லேயே உளவியல் துறை தொடங்கிவிட்டது. தனியார் பக்கம் கம்பாரில் உள்ள யு.டி.ஏ.ஆர், கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹெல்ப், சன்வே, மோனாஷ் போன்றவை இருக்கின்றன.

மூணு தொழில், மூணு பாதை

*ஆலோசகர் (கவுன்சலர்):* 1998 ஆலோசகர் சட்டத்தின்படி மலேசிய ஆலோசகர் வாரியத்தில் பதிவு செய்து, தொழில் புரியும் சான்றிதழும் பெற வேண்டும். அதற்கு வாரியம் ஏற்கும் ஆலோசகத் துறைப் பட்டம் தேவை. கெடா சிந்தோக்கில் உள்ள யு.யு.எம்-இல் ஆலோசகத் துறை இளங்கலைப் படிப்பு இருக்கிறது. யான்காரர்களுக்கு மாநிலத்தை விட்டே போக வேண்டியதில்லை. உளவியல் பட்டம் பெற்றவர்கள் அங்கீகரிக்கப்பட்ட ஆலோசக முதுகலை வழியாகவும் வரலாம்.

*மருத்துவ உளவியலாளர் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்):* உளவியல் இளங்கலைக்குப் பிறகு மருத்துவ உளவியலில் முதுகலை வேண்டும். அதில் மேற்பார்வையோடு நேரடிப் பயிற்சியும் அடங்கும். 2016 துணை சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வரும் 23 தொழில்களில் இதுவும் ஒன்று. பதிவு இல்லாமல் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது.

*மனநல மருத்துவர்:* இவர் முதலில் டாக்டர். மருத்துவப் பட்டம், ஹவுஸ்மேன் பயிற்சி, அதன்பின் நான்கு ஆண்டு சிறப்புப் படிப்பு. மருந்து எழுதித் தருபவர் இவர்தான். ஜெராய் மலைக்கு அந்தப் பக்கம் செமிலிங்கில் இருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் படிக்கலாம்.

இந்த மூன்றும் வேண்டாம் என்றாலும் உளவியல் பட்டம் வீண் இல்லை. மனிதவளம், சமூகநலம், சந்தை ஆய்வு, சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்கான மையங்கள் எனப் பல வழிகள் உண்டு.

தமிழ் தெரிந்த ஆள் ஏன் வேணும்?

2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களிடையே மனச்சோர்வு 2.3 விழுக்காடு. 2023-இல் அது 4.6 விழுக்காடு, அதாவது இரண்டு மடங்கு.

நம் ஆட்கள் பலர் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்ல மாட்டார்கள். "நெஞ்சு அடைக்குது", "தலை பாரமா இருக்கு", "எதுலயும் மனசு ஒட்டல" என்பார்கள். தோட்டத்தில் வாழ்ந்த ஒரு பாட்டி இதை மலாயில் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தால், வீட்டு விவகாரத்தை அவர் வாய் திறந்து சொல்லவே மாட்டார். சோதனைத் தாள்களிலும் இதே சிக்கல். வேறொரு நாட்டில், வேறொரு மொழியில் தயாரித்த கேள்விகளைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் மதிப்பெண் வரும், ஆனால் அது சரியான அளவாக இருக்கும் என்று நம்ப முடியாது.

வீட்டுல ஒத்துக்குவாங்களா?

"தஞ்சோங் ரம்புத்தான்" என்ற பேர் நம் வீடுகளில் இன்னும் கிண்டலாகத்தான் வரும். 1911-இல் தொடங்கிய அந்த மருத்துவமனை, இன்றைய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை, பேராக்கில் இன்றும் சிகிச்சை அளித்து வருகிறது. சட்டமும் மாறியிருக்கிறது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. அந்த நிலையில் இருப்பவருக்குத் தேவை சிகிச்சை என்பதே இதன் பொருள். அப்பா அம்மாவிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டியவை

- படிப்புக்கு எம்.கியூ.ஏ அங்கீகாரம் இருக்கிறதா? அது இல்லையென்றால் பி.டி.பி.டி.என் கடனும் கிடைக்காது.
- ஆலோசகப் படிப்பு என்றால், ஆலோசகர் வாரியம் அதை ஏற்கிறதா?
- நேரடிப் பயிற்சி எங்கே, எத்தனை மணி நேரம்?
- முதுகலை வரை போவதென்றால் மொத்தச் செலவு எத்தனை வெள்ளி? முதல் பட்டத்தின் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இப்போதே பேச ஆள் வேண்டும் என்றால், சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555-ஐ அழைக்கலாம்.