கடல் அலங்கார மீன் வணிகம்

வீட்டுத் தொட்டிகளுக்கும் பொதுக் காட்சியகங்களுக்கும் கடல் உயிர்களைப் பிடித்தும் வளர்த்தும் நாடுவிட்டு நாடு விற்கும் தொழில். நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களோ பெரும்பாலும் பவளப்பாறைகளில் பிடிபட்டவை. பிலிப்பைன்சில் 1960களிலிருந்து சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடித்தார்கள்; அதில் பவளமும் மடிந்தது. இலங்கையில் முக்குளிப்போர் பிடிக்கும் மீன்கள் ஏற்றுமதியாகின்றன.

தமிழகத்தில் அலங்கார மீன்கள் செறிந்த கடல் மன்னார் வளைகுடா. இங்குள்ள 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவளமும் கடல்குதிரையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

கடலில் பிடிப்பதற்கு நல்ல மாற்று வழி, இந்த வளைகுடாக் கரையிலுள்ள மண்டபம் என்ற ஊரில் பிறந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தது. வியப்பான மீன் இது. கூட்டத்தில் பெரியதே பெண். அது இறந்தால் துணையான ஆண் பெண்ணாக மாறும். முட்டைகளுக்கு ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காவல் இருக்கும். ஏழெட்டு நாளில், இருட்டிய பிறகு பொரியும். ரோட்டிஃபர் எனும் நுண்ணுயிரே குஞ்சுக்கு முதல் இரை.

தொட்டி வைப்போர், பண்ணையில் பிறந்த மீனா என்று கேட்டு வாங்க வேண்டும்.