இலங்கையிற் கூட்டுறவும் அரசின் துணையும்

கூட்டுறவு மக்களிடையே தானே முளைத்த பயிரோ, அன்றி அரசு நாட்டி நீரூற்றிய நாற்றோ என்னும் வினா ஆராயத்தக்கது.

இலங்கையில் இவ்வியக்கத்திற்குரிய முதற் கட்டளைச் சட்டம் 1911 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. விதைப்புக் காலத்திற் கடன்பட்டு, அறுவடையின்போது விளைவை வட்டிக்கே பறிகொடுத்த கமக்காரனைக் காத்தல் அதன் நோக்கமாகும். ஜேர்மனியில் ரைபைசன் என்பார் வகுத்த நெறியைத் தழுவி, ஓரூரவர் கூடி ஒருவர் கடனுக்கு அனைவரும் வரையறையின்றிப் பொறுப்பேற்கும் ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றின. நிலமன்று, நாணயமே அங்கு ஈடாயிற்று. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் கடன் தவிர்ந்த பிற முயற்சிகளுக்கும் இடமளித்தது. 1930 இல் தனித் திணைக்களம் அமைந்தது. பதிவு செய்தல், கணக்காய்தல், பிணக்குத் தீர்த்தல் என்பன பதிவாளரின் கடமைகளாயின. பணமோ உறுப்பினருடையது, ஆதலின் அதனைக் காக்கும் விழிப்பும் அவர்களிடமே இருந்தது.

இத்துணையின் நற்பயனை யாழ்ப்பாணத்திற் காணலாம். 1929 இல் இங்கே கூட்டுறவு மாகாண வங்கி நிறுவப்பட்டது. 1930 களிலே, திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பிய கமக்காரர் தமக்கென விற்பனவுச் சங்கம் அமைத்தனர். மூளாயில் 1936 இல் எழுந்த கூட்டுறவு மருத்துவமனையோ, நோய் தீர்க்கும் பணியையும் ஊரவர் கூடி நடாத்தலாம் என்பதை நிறுவிற்று.

1942 இல் பர்மா வீழ்ந்தது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டுப் பொருள்களை வழங்க அரசு கூட்டுறவுப் பண்டகசாலைகளை நாடியது. அவை சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்காகப் பெருகின. பசியைத் தணித்த அப்பணி போற்றற்குரியதே. எனினும், சிக்கனம் பழகச் சங்கஞ் சேர்ந்த மக்கள் இப்பொழுது அரிசிக்கும் சீனிக்குமாகச் சேரலாயினர். 1957 இல் பிலிப் குணவர்த்தன அமைச்சராயிருந்த காலத்திற் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கப்பட்டன. 1970 களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான சிறு சங்கங்கள் சில நூறு பெருஞ் சங்கங்களாக இணைக்கப்பட்டன. இயக்குநர் சபைகளிற் பெரும்பான்மையோரை அரசே நியமித்தது. அந்நிலையில், தம் ஊர்ச் சங்கம் என்னும் உரிமையுணர்வு மக்களிடம் எங்ஙனம் நிலைபெறும்?

எனவே, அரசின் துணை தீதென்பது எம் கருத்தன்று. சட்டமும், கணக்காய்வும், பயிற்சியும் தந்த அரசு சங்கங்களை வலுப்படுத்தியது. சரக்கும் தலைவர்களும் தந்த அரசோ அவற்றைத் தன் கிளைக் கடைகளாக்கியது. கொழுகொம்பு கொடிக்கு வேண்டும். ஆயின் வேர் கொடியினுடையதாகவே இருத்தல் வேண்டும்.