தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையில் ஆராதனையும் அருட்பணியும் (1706–1950): மொழி, பாடல், பந்தி

கிறிஸ்தவ ஆராதனை எவ்வாறு அமைய வேண்டும், திருச்சபையின் பணி யாது என்ற இரு கேள்விகளும் பெரும்பாலும் தனித்தனியே பேசப்படுகின்றன. புதிய ஏற்பாட்டில் இவை ஒன்றோடொன்று பிணைந்தவை. சபை யாருக்கு நற்செய்தி அறிவிக்கிறதோ, அவர்களோடு ஒரே பந்தியில் அமர்கிறதா என்பதே அதன் ஆராதனையை அளக்கும் கோல். 1706-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சீர்திருத்தத் திருச்சபையின் வரலாறு இந்தக் கோலுக்கு உட்பட்டது. தாய்மொழியில் ஆராதனை என்ற கொள்கை அங்கு விரைவிலேயே நிறைவேறியது. தமிழ் இசைக்கு இடம் கிடைக்க நூறாண்டு ஆனது. ஒரே பந்தி என்ற கொள்கை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வழக்காகவே இருந்தது.

வேதாகம அடிப்படைகள்

ஆராதனையைப் பற்றிய புதிய ஏற்பாட்டுப் போதனையில் மூன்று கொள்கைகள் இந்த வரலாற்றுக்கு முக்கியமானவை.

முதலாவது, புரியும் மொழி. கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில், புரியாத பாஷையில் பேசப்படும் பதினாயிரம் வார்த்தைகளைவிடப் புரியும்படி பேசப்படும் ஐந்து வார்த்தைகளே மேல் என்று பவுல் கருதுகிறார். அதற்கு அவர் காட்டும் காரணங்களில் ஒன்று, வெளியிலிருந்து வருபவர் கேட்டு உணர வேண்டும் என்பது. ஆராதனைக்கான விதியிலேயே அருட்பணிக்கான நோக்கமும் அடங்கியுள்ளது.

இரண்டாவது, பண்பாட்டுச் சுதந்திரம். அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரம் எருசலேம் சங்கத்தைப் பற்றிக் கூறுகிறது. புறஜாதியார் கிறிஸ்தவர்களாவதற்கு முன் யூதர்களாக வேண்டுமா என்பதே அங்கு எழுந்த கேள்வி. வேண்டியதில்லை என்று சங்கம் முடிவு செய்தது. எருசலேமின் பழக்கவழக்கங்கள் மற்ற நாடுகளுக்குக் கட்டாயமாக்கப்படவில்லை.

மூன்றாவது, ஒரே பந்தி. கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தின்படி, அந்தியோகியாவில் புறஜாதிக் கிறிஸ்தவர்களோடு உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்தபோது பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். கொரிந்தில் வசதியுள்ளவர்கள் முந்தி உண்டு ஏழைகளைப் பசியோடு விட்டதை, கர்த்தருடைய பந்தியையே குலைக்கும் செயலாகப் பவுல் கண்டார். யாக்கோபின் நிருபம் இன்னும் நேரடியானது. செல்வனுக்கு நல்ல இடமும் ஏழைக்குத் தரையும் காட்டும் சபையை அது பட்சபாதத்துக்காகக் குற்றஞ்சாட்டுகிறது.

பவுலையும் பர்னபாவையும் அருட்பணிக்கு அனுப்பிய சபையும் இதே அந்தியோகியாதான். அவர்கள் ஆராதித்து உபவாசித்துக்கொண்டிருந்த வேளையிலேயே அந்த அழைப்பு வந்தது என்று அப்போஸ்தலர் நடபடிகள் 13-ஆம் அதிகாரம் கூறுகிறது.

மொழி: தரங்கம்பாடியின் தொடக்கம்

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் ஆதரவில், ஜெர்மானியர்களான பர்த்தலோமேயு சீகன்பால்க்கும் ஹென்ரிக் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி வந்தனர். அங்கு டேனியரின் சீயோன் ஆலயம் 1701 முதல் இருந்தது. அது ஐரோப்பியருக்கானது. சீகன்பால்க் தமிழ் கற்று, தமிழிலேயே போதிக்கத் தொடங்கினார். 1707 மே மாதம் முதல் ஞானஸ்நானம் நடந்தது. அதைப் பெற்ற ஐவரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இன்று நிற்கும் புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டதாகும்.

இப்பணியை டேனிய ஆளுநர் ஹாசியஸ் விரும்பவில்லை. சீகன்பால்க் 1708-இல் கைதாகி நான்கு மாதங்கள் சிறையிலிருந்தார். அந்த ஆண்டே அவர் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1715-இல் அச்சாகி முடிந்தது. அதற்கு முன்பே, 1578-இல், அன்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகியிருந்தது. ஆயினும் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறியது இதுவே முதல்முறை. 1719-இல் சீகன்பால்க் இறந்தபோது பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் புத்தகம் வரை வந்திருந்தது. பெஞ்சமின் சூல்ட்சே அதை நிறைவு செய்தார். பின்னாளில் சென்னை வேப்பேரியில் பணியாற்றிய பப்ரிசியுஸ் செய்த மொழிபெயர்ப்பு லுத்தரன் சபைகளில் நெடுங்காலம் வழங்கியது.

முதல் ஞானஸ்நானம் நடந்து சுமார் எட்டு ஆண்டுகளில் புதிய ஏற்பாடு மக்கள் மொழியில் அச்சாகியது. மூன்று கொள்கைகளில் மிஷனெரிகள் முழுமனதோடு பின்பற்றியது இதுவே.

பாடல்: ஞானப்பாட்டும் கீர்த்தனையும்

சீகன்பால்க் காலத்திலேயே தமிழ் ஞானப்பாட்டுப் புத்தகம் அச்சானது. சொற்கள் தமிழ், மெட்டுகள் ஜெர்மானியம். ஐரோப்பியச் சந்தத்தில் தமிழ்ச் சொற்களை அடக்கியதால் பல இடங்களில் ஓசை முட்டியது. ஆயினும் அந்தப் பாடல்கள் மூன்று நூற்றாண்டுகளாகச் சபைகளில் வேரூன்றி நிற்கின்றன.

தமிழ் இசை மரபில் நின்று ஆராதனைக்குப் பாடல் தந்தவர்களுள் முதன்மையானவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்சு ஐயரிடம் கல்வி கற்றவர். சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்றவர். குறவஞ்சி என்னும் சிற்றிலக்கிய வடிவத்தில் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் அவர் இயற்றிய கீர்த்தனைகள் ஆலயத்திலும் வீட்டு ஜெபத்திலும் திருமணத்திலும் பாடப்பட்டன. 1853-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். அதன்பின் இவ்வகைப் பாடல்கள் சபைப் பிரிவுகளைக் கடந்து பரவின. ஞானப்பாட்டுகளுக்கும் கீர்த்தனைகளுக்கும் ஒரே ஆராதனையில் இடமளிக்கும் இன்றைய வழக்கம் இவ்வாறு உருவானது.

பந்தி: 1733-இன் சமரசம்

தரங்கம்பாடிச் சபை தொடக்கத்திலிருந்தே பல சாதியினரைக் கொண்டிருந்தது. வேளாளரும் பறையரும் ஒரே கூரையின் கீழ் ஆராதித்தாலும் இடைவெளி விட்டுத் தனித்தனியே அமர்ந்தனர். திருவிருந்தில் முதலில் ஒரு சாராரும் பின்னர் மறு சாராரும் பாத்திரத்தைப் பெறும் வழக்கமும் இருந்தது. மிஷனெரிகள் இதைச் சமூக ஒழுங்கு என்று கருதிப் பொறுத்துக்கொண்டனர்.

இந்தப் பொறுமையின் விலை 1733-இல் தெரிந்தது. முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் செய்ய இரு உபதேசியார்கள் கருதப்பட்டனர். ஒருவர் கடலூர் வேளாளரான ஆரோன். மற்றவர் தஞ்சைப் படையில் இருந்தவரும் பறையர் குலத்தவருமான ராஜநாயக்கன். ராஜநாயக்கனின் ஊழியத்தை மிஷனெரிகள் உயர்வாக மதித்தனர். ஆனால் அவர் கையிலிருந்து திருவிருந்து பெற உயர்சாதியார் தயங்குவார்கள் என்று கருதினர். 1733 டிசம்பர் 28 அன்று ஆரோன் குருவானார். அவரும் தகுதியுடையவரே. எனினும் அப்பத்தை யார் கையிலிருந்து பெறுவது என்பதில் சாதி முடிவு சொல்ல அனுமதிக்கப்பட்டது. ராஜநாயக்கன் தம் வாழ்நாள் இறுதிவரை உபதேசியாராகவே உழைத்தார்.

1833 சுற்றறிக்கையும் பிளவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த புதிய தலைமுறை மிஷனெரிகள் இந்தச் சமரசத்தை ஏற்கவில்லை. பாளையங்கோட்டையில் ரேனியுஸ் 1820-களில் தம் கல்விச்சாலை மாணவர் அனைவரும் சேர்ந்தே உண்ண வேண்டும் என்று வற்புறுத்தினார். 1826-இல் தஞ்சைக்கு வந்த பேராயர் ஹீபர் மென்மையான போக்கை விரும்பினார். அதே ஆண்டு திருச்சியில் அவர் இறந்தார்.

சில ஆண்டுகளுக்குப் பின் கல்கத்தாப் பேராயரான டேனியல் வில்சன் 1833 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அக்காலத்தில் தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளும் அவர் அதிகாரத்தின் கீழ் இருந்தன. சபைக்குள் சாதி வேறுபாடு தாமதமின்றி, மிச்சமின்றி நீக்கப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். தனித்தனி இருக்கை, திருவிருந்தில் முன்பின் வரிசை ஆகியவற்றுக்கு இனி இடமில்லை. 1835-இன் தொடக்கத்தில் அவரே தஞ்சைக்கு வந்தார். சிலர் ஏற்றனர், பலர் சபையை விட்டு விலகினர். விலகியவர்களில் ஒரு பகுதியினர், 1840-களில் தரங்கம்பாடிப் பணியை ஏற்ற லைப்சிக் லுத்தரன் மிஷனிடம் பின்னர் சேர்ந்தனர். அந்த மிஷனின் தலைவர் கார்ல் கிரால், சாதியைக் கட்டளையால் ஒழிக்க முடியாது, நற்செய்தி படிப்படியாக அதைக் கரைக்கும் என்ற கருத்துடையவர்.

சாஸ்திரியாரின் எதிர்ப்பு

இந்தச் சர்ச்சையில் எதிர்த் தரப்பின் முதன்மைக் குரல் வேதநாயகம் சாஸ்திரியார். தமிழ் ஆராதனைக்கு அதிகம் தந்த அவரே தனி இருக்கையை ஆதரித்து நூல் எழுதினார். புதிய மிஷனெரிகள் மீது அவரும் அவரைச் சார்ந்தோரும் கூறிய முறையீடுகள் நான்கு: வேதத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றுவது, சாதிகளைக் கட்டாயமாக ஒன்றுசேர்ப்பது, விழாக்களில் மலர்களைத் தடுப்பது, ஆராதனையிலிருந்து தமிழ் இசையை விலக்குவது.

இவை நான்கும் ஒரே முறையீடாக முன்வைக்கப்பட்டதில்தான் அக்காலத்தின் குழப்பம் அடங்கியுள்ளது. மலரும் கீர்த்தனையும் பண்பாட்டைச் சேர்ந்தவை. அவற்றைத் தடுத்த மிஷனெரிகள், எருசலேம் சங்கம் விலக்கிய சுமையையே தமிழர் தோளில் ஏற்றினர். தனி இருக்கை அத்தகையது அன்று. அது அந்தியோகியாவில் பேதுரு செய்த தவறு. மிஷனெரிகள் ஐரோப்பியப் பழக்கத்தையும் நற்செய்தியையும் ஒன்றாகக் கண்டனர். சாஸ்திரியார் தமிழ்ப் பண்பாட்டையும் சாதியையும் ஒன்றாகக் கண்டார். இரு தரப்பும் ஒவ்வொரு கொள்கையைப் பற்றிக்கொண்டு மற்றொன்றைக் கைவிட்டன.

எழுந்த சுவரும் இடிந்த சுவரும்

இச்சிக்கல் சீர்திருத்தச் சபைக்கு மட்டும் உரியதன்று. திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் 1872-இல் கத்தோலிக்க ஆலயம் இரு கைகளாகப் பிரிந்த வடிவில் கட்டப்பட்டது. வேளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் காணாமல் ஒரே பீடத்தை நோக்கி அமர்வதற்கான அமைப்பு அது. இடைச்சுவர் 1910-இல் அகற்றப்பட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்துக்குள் சாதி அடிப்படையிலான தனியிட உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

பல ஊர்களில் சுவருக்கே தேவை எழவில்லை. ஒரு கிராமத்தில் ஒரே சமூகத்தார் கூட்டமாகச் சபையில் சேர்ந்தபோது அந்த ஆலயம் ஒரு சாதியின் ஆலயமாகவே அமைந்தது. அங்கு இருக்கைச் சண்டை இல்லை. பந்தியைப் பற்றிய கேள்வி எழாமல் போனதேயன்றி, அதற்கு விடை கிடைத்துவிடவில்லை.

ஒருமைப்பாட்டை நோக்கி: 1919 முதல் 1950 வரை

அருட்பணியையும் ஆராதனையையும் மீண்டும் ஒன்றாகப் பேசியவர்களுள் முக்கியமானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945). வெள்ளாளன்விளையில் பிறந்த அவர், 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டதில் பெரும்பங்கு கொண்டார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்ணக்கல்லில் பொறுப்பேற்றார். 1910 எடின்பரோ மாநாட்டில், மிஷனெரிகளின் தியாகத்தைப் பாராட்டிய அவர், இந்தியர் அவர்களிடம் எதிர்பார்ப்பது நட்பு என்று வெளிப்படையாகக் கூறினார். இனவேறுபாடும் பந்தியைப் பிரிக்கிறது என்பது அதன் உட்பொருள். 1939-இல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயத்தில் இந்தியக் கட்டடக்கலை மரபுகளும் தாமரை வடிவமும் இடம்பெற்றன.

1919 மே மாதம் பல சபைப் பிரிவுகளைச் சேர்ந்த ஊழியர்கள் தரங்கம்பாடியில் கூடினர். பெரும்பான்மையோர் இந்தியர். அசரியாவும் தென்னிந்திய ஐக்கிய சபையின் சந்தியாகுவும் அதில் முன்னின்றனர். மேலைநாட்டிலிருந்து வந்த பிரிவினைகள் இந்தியாவில் நற்செய்திப் பணியை நலிவடையச் செய்கின்றன என்று அவர்கள் அறிக்கை வெளியிட்டனர். அந்த முயற்சியின் விளைவாக 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. தமிழ் லுத்தரன் சபை இதில் சேரவில்லை.

இத்திருச்சபை 1950-இல் கொண்டுவந்த திருவிருந்து ஆராதனை முறையில் குருவானவர் மேசைக்குப் பின் நின்று சபையாரை நோக்குகிறார். சமாதானம் பரிமாறும் பழைய வழக்கமும் திரும்ப வந்தது. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சமாதானம் கடத்தப்படுகிறது. தீண்டாமை நிலவிய நாட்டில், அப்பத்தைப் பெறும் முன் பக்கத்தில் இருப்பவரின் கையைத் தொடுவது வெறும் சடங்கு அன்று. பிற நாட்டுச் சபைகளின் ஆராதனைச் சீர்திருத்தங்களிலும் இம்முறையின் தாக்கம் உண்டு.

மதிப்பீடு

இந்த வரலாற்றில் தெளிவாகும் செய்தி ஒன்று உண்டு. ஆராதனையில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதற்கு வேதாகமம் தரும் எல்லைக்கோடு மொழிக்கும் இசைக்கும் மலருக்கும் குறுக்கே போகவில்லை. அவை ஊருக்கு ஊர் வேறுபடலாம். அந்தக் கோடு பந்தியில் விழுகிறது. யார் அருகில் அமரலாம், யார் கையிலிருந்து பெறலாம் என்பதில் சபை பாகுபாடு காட்டினால், அது வெளியே அறிவிக்கும் நற்செய்தியை உள்ளே மறுக்கிறது.

சட்டமும் சுற்றறிக்கையும் இருக்கைகளை ஒன்றாக்கின. கல்லறைத் தோட்டம், திருமண உறவு, சபைத் தேர்தல் ஆகியவற்றில் சாதி இன்றும் பேசப்படும் விஷயமாகவே உள்ளது. ஆகவே 1733-இல் ராஜநாயக்கனை முன்னிட்டு எழுந்த கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. திருவிருந்து நடக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அது சபையின் முன் வருகிறது.