இரண்டு மில்லிமீட்டர்

அம்பத்தூர்க்காரர்களுக்கு டன்லப் என்றால் டயர். 1959இல் இங்கே வந்த அந்தத் தொழிற்சாலை மூடிப்போன பிறகும், அந்தப் பெயரைச் சொல்லி வழி காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மோட்டார் வரலாற்றில் டன்லப்புக்கு இன்னொரு இடமும் உண்டு. 1953இல் பிரான்ஸின் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஜெயித்த ஜாகுவார் சி-டைப்பின் சக்கரங்களில் இருந்தவை டன்லப்பின் டிஸ்க் பிரேக்குகள். டிரம் பிரேக்கை நம்பிய கார்கள் வளைவுக்கு வெகுமுன்பே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஜாகுவாருக்கு அந்தக் கவலை குறைவு.

யோசனை புதிதல்ல. பர்மிங்ஹாமில் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் 1902லேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சக்கரத்தோடு சுழலும் ஒரு தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பட்டைகள். அவரிடம் பட்டைக்கு இருந்தது செம்பு. உலோகத்தோடு உலோகம் உரசினால் என்ன ஆகும்? கிறீச்சென்று காது கிழிந்தது, செம்பு சீக்கிரமே தேய்ந்தது. சரியான பொருளுக்காக அந்த யோசனை ஐம்பது வருடம் காத்திருந்தது.

பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி, அவ்வளவுதான். 1000 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால், ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் பிறக்கிறது. டிரம்முக்குள் அந்தச் சூடு அடைபட்டுக்கிடக்கும். டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். டிஸ்க் காற்றில் திறந்து நிற்பதால் சீக்கிரம் ஆறிவிடுகிறது.

இந்த வித்தை பாடிக்கு வந்ததற்குப் பின்னால் அரசின் கொள்கை இருக்கிறது. 1953இல் சுங்கத்தீர்வை ஆணையத்தின் பரிந்துரைப்படி, உதிரிபாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்க மட்டுமே செய்த கம்பெனிகளுக்கு இங்கே இடமில்லாமல் போனது. பாகங்களும் இங்கேயே செய்யப்பட வேண்டும். அந்தத் தேவையில்தான் டிவிஎஸ் குழுமம் பிரிட்டிஷ் கம்பெனிகளோடு கைகோத்தது. 1962இல் லூகாஸுடன் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா, அதே காலகட்டத்தில் பாடியிலேயே லூகாஸ்-டிவிஎஸ், சுந்தரம்-கிளேட்டன், வீல்ஸ் இந்தியா. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அடுத்த வருடம் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது.

ஆனால் சாலையில் ஓடிய அம்பாசடருக்கு நாலு சக்கரத்திலும் டிரம்தான். டிரம் காலத்தில் பிரேக் வேலை என்றால் பாதி லேத் வேலை. கோடு விழுந்த டிரம்மைக் கடைசலுக்கு அனுப்புவார்கள். ஷூவில் புது லைனரை வைத்து ரிவிட் அடிப்பார்கள். பழையதே திரும்பி வரும்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்த காலத்தில் முன்சக்கர டிஸ்க் நடுத்தர வீட்டுக் காருக்கும் சகஜமாகிக்கொண்டிருந்தது. டிஸ்க்கையும் கடையலாம். ஆனால் அதன் மேல் ஓர் எண் பொறித்திருக்கும், குறைந்தபட்சத் தடிமன். 22 மில்லிமீட்டரில் தொடங்கும் டிஸ்க்கில் பெரும்பாலும் 20 என்று இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் தேயலாம்.

போன வருடம் மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் என் காரின் முன் டிஸ்க்குகளை மாற்றினேன். மெக்கானிக் அண்ணன் விளிம்பில் விரலை ஓட்டினார். நகம் தட்டும் அளவுக்குப் படி விழுந்திருந்தது.

“கடைஞ்சு போட முடியாதாண்ணே?”

“போடலாம் தம்பி. அப்புறம் என்ன மிஞ்சும்? மெல்லிசானா சூடு தாங்காது. ரெண்டு பக்கமும் சேத்தே மாத்திடுவோம், ஒண்ணு மட்டும் மாத்தினா வண்டி இழுக்கும்.”

ஹப்பில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிய பிறகுதான் புது டிஸ்க்கை மாட்டினார். அங்கே ஒரு துணுக்குத் துரு இருந்தாலும் தட்டு ஆடும், ஸ்டீயரிங் உதறும். அவர் லேத் பையனாக வேலையைத் தொடங்கியவர். மூலையில் அவருடைய லேத் சாக்குப்பையால் மூடிக் கிடந்தது.

திறமை அழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. டிஸ்க் சாம்பல்நிற வார்ப்பிரும்பு. அதற்குள் செதில்களாகப் பரவியிருக்கும் கிராஃபைட் சூட்டைக் கடத்துகிறது, அதிர்வையும் விழுங்குகிறது. லான்செஸ்டரின் கிறீச் சத்தத்துக்கான பதிலில் பாதி அங்கே இருக்கிறது. மீதி, பட்டையின் கலவையில். 2003இல் ஜப்பானின் டெமிங் பரிசு பெற்றவர்களில் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலைப் பிரிவும் இருந்தது, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ரானே பிரேக் லைனிங்ஸும் இருந்தது. லேத் முன்னால் நின்றவரின் கண்ணும் காதும் செய்த கணக்கு, உலையின் கலவைக்கும் அளவுக்கருவிக்கும் போய்விட்டது.

குடும்பத்தோடு பூந்தமல்லி சாலையில் போகிறவனாக எனக்கு இதில் சந்தேகமே இல்லை. எண்ணுக்குக் கீழே போனால் மாற்றத்தான் வேண்டும். உங்கள் மெக்கானிக்கிடமும் அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் இந்த லாபத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் வரலாற்றில் எழுதிவைக்க வேண்டும். என் பழைய டிஸ்க்குகள் எடைக்குப் போயின. இரும்பு என்பதால் அவை மறுபடி உலைக்குப் போய் வேறொன்றாக வரும். கடைசல் பழகிய கைக்கு அப்படி ஒரு வழியை இந்தப் பேட்டையில் யாரும் யோசித்துவைக்கவில்லை.