மோட்டார் வண்டியிற் புகுந்த குளிர்காற்று

குளிர்ச்சாதனம் குளிரை உண்டாக்குகிறது என்று நாம் பேச்சு வழக்கிற் சொல்லுகிறோம். உண்மையில் அது எதையும் உண்டாக்குவதில்லை; ஓரிடத்திலுள்ள வெப்பத்தை வாரி மற்றோரிடத்திற் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அவ்வாறு சுமந்து செல்லும் கூலியாள் ஒரு வாயு. அது திரவமாயிருந்து ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்பிரஸர் அதனை அமுக்கி, வண்டியின் முன்புறத்துக் குழாய்ச் சுருளிற் செலுத்தும்போது, வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டு மீண்டும் திரவமாகிறது. மோட்டார் வண்டிக் குளிர்ச்சாதனத்தின் சரித்திரம், பெரும்பாலும் இந்தக் கூலியாளின் சரித்திரமே.

தொடக்கத்தில் இப்பணிக்கு அமோனியா, கந்தக டை ஆக்ஸைடு, மெதில் குளோரைடு முதலியவற்றையே பயன்படுத்தி வந்தனர். இவை கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே நஞ்சற்றதும் தீப்பற்றாததுமான ஒரு பொருளை நாடிய அமெரிக்க இரசாயன நிபுணர் தாமஸ் மிட்ஜ்லி, 1928ஆம் ஆண்டில் தம் துணைவருடன் அத்தகைய ஒன்றைக் கண்டறிந்தார். 1930இல் அறிஞர் கூட்டமொன்றில் அவர் அவ்வாயுவைத் தம் மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியை நோக்கி ஊதினார். சுடர் அணைந்தது, அவருக்கோ தீங்கொன்றும் நேரவில்லை. ஃப்ரியான் என்று பெயர் பெற்ற அவ்வினத்தில் ஆர்-12 என்பதே பின்னர் மோட்டார் வண்டிகளில் ஏறியது.

1939ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனத்தார் தம் புதிய வண்டிகளில் குளிர்ச்சாதனத்தை அமைத்துத் தர முன்வந்தனர். அதற்கெனத் தனியே 274 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. குளிரூட்டும் சுருள் பின்ஆசனத்திற்கும் அப்பால் இருந்தது. கம்பிரஸரை வேண்டும்போது ஓட்டவும் வேண்டாதபோது நிறுத்தவும் கிளட்ச் கிடையாது. எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றினாலன்றிக் குளிர் நிற்காது! இம்முயற்சி சில ஆண்டுகளில் கைவிடப்பட்டதில் வியப்பில்லை. 1953இல் பெரிய கம்பெனிகள் மீண்டும் இத்துறையிற் புகுந்தன. மறு ஆண்டு நாஷ் கம்பெனியார், வெப்பமூட்டுதலையும் குளிரூட்டுதலையும் ஒன்றாக்கி, முழுச் சாதனத்தையும் வண்டியின் முன்பாகத்திலேயே அடக்கி, அதனை இயக்கும் விசைகளை ஓட்டுபவரின் கைக்கெட்டும் டாஷ்போர்டில் வைத்தனர். இன்று நாம் காணும் அமைப்பு அதன் வழிவந்ததே.

இதற்கிடையில் அமெரிக்க மக்களிடையே மோட்டார் இல்லங்கள் பெருகலாயின. படுக்கை, சமையலறை, குளியலறை அனைத்தையும் கொண்டு சாலையிற் செல்லும் வீடு அது. ஐயோவா மாநிலத்து வின்னபாகோ தொழிற்சாலை 1966 முதல் இத்தகைய வண்டிகளைத் தொடர்வரிசையிற் கட்டி வெளியிட்டது. மோட்டார் இல்லத்தில் பெரும்பாலும் இருவகைக் குளிர்ச்சாதனங்கள் இருக்கும். கூரை மேலுள்ளது மின்சாரத்தால் இயங்கும். வண்டி நிற்கும்போது உதவும். டாஷ்போர்டில் உள்ளது எஞ்சினால் இயங்கும். வண்டி ஓடும்போது உதவும்.

இவ்விரண்டிற்கும் ஓர் அடிப்படை வேற்றுமை உண்டு. கூரைச் சாதனத்தில் மோட்டாரும் கம்பிரஸரும் ஒரே உலோகக் கூட்டினுள் பற்றவைத்து மூடப்பட்டிருக்கும். எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் கம்பிரஸரிலோ, சுழலும் தண்டு கூட்டைத் துளைத்து வெளியே வந்தாக வேண்டும். அவ்விடத்தில் ஒரு சீலை மட்டுமே காவல். எஞ்சின் அதிர்வதால் இரும்புக் குழாய் உதவாது. ரப்பர்க் குழாய்களே வேண்டும். மோட்டார் இல்லத்தில் இச்சங்கடம் இன்னும் மிகுதி. அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் ஒரு கம்பெனி செய்ய, மேற்கூட்டை மற்றொரு கம்பெனி கட்டுவது வழக்கம். இருவர் பணியையும் நீண்ட குழாய்களும் பல மூட்டுகளும் இணைக்கின்றன. எஞ்சின் பின்புறத்தில் இருந்தால் குழாய் வண்டியின் முழு நீளமும் ஓடவேண்டியிருக்கும். மூட்டு பெருகக் கசிவுக்கு இடமும் பெருகும்.

அக்காலத்து மெக்கானிக்குகள் இக்கசிவைப் பெரிதாக எண்ணவில்லை. கோடைதோறும் குறைந்த வாயுவை நிரப்பி அனுப்பினர். பழுது பார்க்கையில் எஞ்சியதை வெளியே திறந்து விட்டனர். நஞ்சற்ற, தீப்பற்றாத, விலை மலிந்த பொருள்; அதனால் யாருக்கு என்ன தீங்கு என்று கருதினர்.

அத்தீங்கு தலைக்கு மேலே நிகழ்ந்துகொண்டிருந்தது. 1974ஆம் ஆண்டில் மோலினா, ரோலண்டு என்னும் விஞ்ஞானிகள், இவ்வாயுக்கள் கீழ்வானிற் சிதையாமல் மேலே சென்று, அங்கே சூரியனின் புறஊதாக் கதிர்களாற் குளோரினை விடுவித்து, ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எடுத்துரைத்தனர். 1985இல் அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் பெரிதும் குறைந்திருப்பது வெளியாயிற்று. 1987இல் மாண்ட்ரீல் நகரில் உலக உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. அமெரிக்கா 1990இல் இயற்றிய சட்டம் மெக்கானிக்கின் கைப்பழக்கத்தையே மாற்றியது. வாயுவைக் காற்றில் விடலாகாது. இயந்திரத்தால் மீட்டெடுக்க வேண்டும். கூலிக்கு வேலை செய்பவர் தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும்.

1990களின் நடுவிற் புதிய வண்டிகள் ஆர்-134ஏ என்னும் வாயுவுக்கு மாறின. பழைய மோட்டார் இல்லங்களை உடையவர்களுக்கு இது எளிய மாற்றமாக இல்லை. பழைய கனிம எண்ணெய் புதிய வாயுவுடன் கலவாது. எண்ணெயும், ஈரம் உறிஞ்சும் டிரையரும், வாயு ஏற்றும் இணைப்புகளும் மாறவேண்டும். இரு வாயுக்களைக் கலந்துவிட்டால், மீட்டெடுத்ததும் மறுபடி பயன்படாமற் போகும். இந்தப் புதிய வாயுவும் குற்றமற்றதன்று. ஓசோனுக்கு ஊறு செய்யாவிடினும், நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரிய மிலவாயுவைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு பூமியை வெப்பமாக்க வல்லது. ஆகவே 2016இல் கிகாலி நகரிற் செய்த திருத்தம் இவ்வினத்தையும் படிப்படியாகக் குறைக்க வழி வகுத்தது. ஆர்-1234ஒய்எஃப் என்னும் மற்றொன்று இப்போது புதிய கார்களில் அதன் இடத்தைப் பெற்று வருகிறது.

வாயுக்கள் மாறின, நல்ல வேலையின் முறை மாறவில்லை. முதலிற் கசிவைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பிறகு பம்பினால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் நீக்க வேண்டும்; ஈரம் தங்கினால் அமிலம் உண்டாகி உலோகத்தை அரிக்கும். அதன் பின்னரே, குறித்த எடை அளவில் வாயுவை ஏற்ற வேண்டும். கசிவை விடுத்து வாயுவை நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதை ஒக்கும். குடத்து நீராவது தரையோடு போய்விடும். இவ்வாயு போகுமிடமோ நம் எல்லோருக்கும் பொதுவான வானம்.